எறும்பைக் காட்டினீர்கள், திரிகைக்கல்லையும் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பணம், வேலை, சொத்து இவற்றைப் பற்றி வேதாகமம் என்ன சொல்கிறது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நல்ல விஷயம்தான். இரண்டு முறை படித்தேன், வீட்டிலும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எறும்பைப் போலச் சேமி, கடன் வாங்காதே, யாருக்கும் ஜாமீன் போடாதே, சோம்பி உட்காராதே, வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடு, கடவுள் ஆசீர்வதிப்பார். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனாலும் படித்து முடித்ததிலிருந்து மனசுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, என்னவென்று பிடிபட இரண்டு நாள் ஆனது. அந்தப் பக்கத்தில் இருந்த அறிவுரை முழுக்க, கையில் காசில்லாதவனுக்குச் சொன்னது. கடன் கொடுத்தவனுக்கோ, கூலி கொடுக்க வேண்டியவனுக்கோ, வயலும் களஞ்சியமும் வைத்திருப்பவனுக்கோ ஒரு வரி கூட இல்லை. நான் சின்ன வயதிலிருந்து படித்துவரும் வேதாகமம் அப்படிப்பட்ட புத்தகம் இல்லையே! பணத்தைப் பற்றி அது பேசும் இடங்களில் பெரும்பாலும் அது கையில் இருப்பவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எறும்பையே எடுத்துக்கொள்வோம். "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய், அதின் வழிகளைப் பார்த்து, ஞானத்தைக் கற்றுக்கொள்" என்று நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது, எல்லோருக்கும் தெரிந்த வசனம். அதற்கு அடுத்த வசனத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த எறும்புக்குப் பிரபுவும் இல்லை, தலைவனும் இல்லை, அதிகாரியும் இல்லை என்று இருக்கிறது. தலைமேல் நின்று விரட்ட ஆளில்லாமலே அது வேலை செய்கிறது, அதுதான் அங்கே சொல்லப்படும் பாடம். இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்வேன், கோடையில் அது சேர்த்தது அதன் புற்றில்தான் இருக்கிறது, வட்டிக்கு என்று பாதியை யாரும் வந்து அள்ளிக்கொண்டு போவதில்லை. உழைத்ததைக் கையில் வைத்துக்கொள்ள முடிகிறவனிடம் சேமி என்று சொல்வது வேறு, வாங்கிய சம்பளம் வீடு வந்து சேருமுன்னே பங்கு பிரிந்துபோகிறவனிடம் சொல்வது வேறு.

வேலையைப் பற்றியும் அப்படித்தான். "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். இந்த வசனத்தை வேலையில்லாமல் இருக்கிறவன் முகத்தில் எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதில்லாதிருந்தால் என்றுதான் எழுதியிருக்கிறது, வேலை கிடைக்காதிருந்தால் என்று இல்லை. இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதையில், பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது, பதினோராம் மணி வேளையில், சும்மா நிற்கிறவர்களைப் பார்த்து ஏன் நிற்கிறீர்கள் என்று தோட்டத்தின் எஜமான் கேட்கிறார். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். அந்தப் பதிலை அவர் அப்படியே நம்புகிறார். சோம்பேறிகள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தோட்டத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடுகிறார். வேலை செய் என்று சொல்கிற பவுல் தானும் சும்மா உட்காரவில்லை, கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லா தம்பதியோடு தங்கிக் கூடாரம் பண்ணுகிற தொழில் செய்தவர், தன் தேவைக்கும் தன்னோடு இருந்தவர்களின் தேவைக்கும் இந்தக் கைகளே வேலை செய்தன என்று கையைக் காட்டிச் சொன்னவர். அவர் வாயிலிருந்து வந்தால் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு.

இனி எனக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் 6-ஆம் வசனம் என்று ஒன்று உண்டு. திரிகையின் அடிக்கல்லையாவது மேற்கல்லையாவது ஒருவரும் அடகாக வாங்கக்கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவது போல என்கிறது. மாவு அரைக்கிற கல். அன்றன்றைக்கு அரைத்தால்தான் அன்றன்றைக்கு அடுப்பில் ஏதாவது வேகும். இந்தச் சட்டத்தை எழுதியவருக்கு வறுமை எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் மேற்கல்லையாவது என்று பிரித்துச் சொல்லத் தோன்றியிருக்காது.

எனக்கு அது ஏன் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வாங்கிய கடன். தவணை சில மாதம் நின்றுபோனது. ஒருநாள் மதியம் கடன் கொடுத்தவர் இரண்டு ஆட்களோடு வந்தார். வாசலில் நின்று கூப்பிடவில்லை, செருப்போடு நேரே உள்ளே வந்தார். வீட்டில் எடுக்கிற மாதிரி இருந்த ஒரே பொருள் அம்மாவின் தையல் மெஷின்தான். முழுசாகத் தூக்கிப் பார்த்தார்கள், கனமாக இருந்தது. ஒருவன் குனிந்து திருகைக் கழற்றி மெஷினின் தலையை மட்டும் எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டான். இரும்பு ஸ்டாண்டும் மிதியும் அங்கேயே நின்றன. ஊசியில் கோத்திருந்த நீல நூல் அறுந்து, பாதி தைத்த பாவாடையோடு தரையில் கிடந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் அந்த ஸ்டாண்டின் முன்னால் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார், கால் மிதியின் மேல் இருந்தது.

அந்தத் தலையை விற்றால் கடன் கொடுத்தவருக்குக் கடனில் கால்வாசி கூட வந்திருக்காது. அது அவருக்கும் தெரியும். அதன் மதிப்புக்காக அவர் எடுக்கவில்லை, அது இல்லாமல் நாங்கள் துடிப்போம், துடித்தால் எங்கேயாவது புரட்டிக் கொடுப்போம் என்பதற்காக எடுத்தார். மேற்கல்லை மட்டும் எடுத்தாலும் திரிகை திரிகை இல்லை. மூவாயிரம் வருஷப் பழைய வாழ்க்கை அது, கல் போய் இரும்பு வந்திருக்கிறது, எடுக்கிறவன் கணக்கு மாறவே இல்லை.

அதே அதிகாரத்தில் இன்னும் நாலு வசனம் தள்ளிப் போனால், அடகு வாங்க நீ அவன் வீட்டுக்குள் போகாதே, வெளியே நில், அவனே வெளியே கொண்டுவந்து கொடுக்கட்டும் என்று இருக்கிறது. பல வருஷம் கழித்து ஒருநாள் இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். வெளியே நில். கடன்பட்டவனுக்கும் ஒரு வாசல்படி உண்டு, அதைத் தாண்டக் கடன் கொடுத்தவனுக்கு உரிமை இல்லை, எந்தப் பொருளைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் மானமாவது அவனுக்கு மிஞ்ச வேண்டும். அப்புறம் போர்வை. ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் சூரியன் அஸ்தமிக்கும் முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று யாத்திராகமம் 22-ஆம் அதிகாரம் கேட்கிறது. தினமும் ராத்திரி திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருளை எவன் அடகு வாங்குவான்? வாங்கவே தோன்றக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் கட்டுரையாளர் நீதிமொழிகள் 22:7-ஐப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். "கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை." ஆகவே கடன் வாங்காதே என்று முடித்திருந்தார். ஆனால் அது வசனத்தின் பின்பாதி. முன்பாதி, "ஐசுவரியவான் தரித்திரனை ஆளுகிறான்." இரண்டையும் சேர்த்துப் படித்தால் உலகம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் கண்டதைச் சொல்வது போல இருக்கிறது. அதே அதிகாரத்தின் 22-ஆம் வசனம் அந்த ஆளுகிறவனைப் பார்த்துத் திரும்புகிறது. ஏழையாயிருக்கிறான் என்று ஏழையைக் கொள்ளையிடாதே என்கிறது. பதினைந்து வசனம் தாண்டினால் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் எடுத்தால் வேதமே வட்டிக்காரர் பக்கம் நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

இதைச் சொல்வதால் வாங்கிய கடனைத் திருப்ப வேண்டாம் என்று சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடன் வாங்கிச் செலுத்தாமல் போகிறவனைத் துன்மார்க்கன் என்றே 37-ஆம் சங்கீதம் சொல்கிறது. எலிசாவிடம் வந்த விதவையின் கதையைப் பாருங்கள், இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம். புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், கடவுளுக்குப் பயந்து நடந்தவன், ஆனாலும் கடனோடு செத்துப்போனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்துவிட்டான். (பக்தியாக இருந்தால் கடனே வராது என்று பேசுகிறவர்கள் இந்த முதல் வசனத்தை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்று தெரியவில்லை.) எலிசா கடன் கொடுத்தவனைச் சபிக்கவில்லை, ஓடிவிடு என்றும் சொல்லவில்லை. உன் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார், கொஞ்சம் போதாது நிறைய வாங்கு என்கிறார். பாத்திரங்கள் நிரம்பிய பிறகு அவர் சொன்ன வரிசையைக் கவனியுங்கள், எண்ணெயை விற்று, முதலில் கடனைத் தீர், மீந்ததில் நீயும் உன் பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளுங்கள். அற்புதம் நடந்த பிறகும் கடன் கடன்தான். எங்கள் அம்மாவும் அப்படித்தான் செய்தார், மெஷின் போன பிறகு அடுத்தவர்களுக்குக் கையால் பொத்தான் வைத்தும் காஜா எடுத்தும் அசலும் வட்டியுமாக முழுக்க அடைத்துத்தான் அந்தத் தலையை மீட்டுக்கொண்டு வந்தார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போயிருந்தது. அடைத்தது அவர் நேர்மை. எடுத்துப் போனது நேர்மை ஆகிவிடாது.

ஜாமீன் விஷயத்தில் கட்டுரை சொன்னதோடு எனக்கு வாதம் இல்லை. நண்பனுக்காகக் கையடித்துக் கொடுத்து மாட்டிக்கொண்டால் வேடன் கையிலிருந்து தப்புகிற மானைப் போலத் தப்பித்துக்கொள் என்று நீதிமொழிகள் சொல்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்களுக்கு அது புரியும். அதற்கு மேல் அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

கடன் கொடுக்கிறவன் மனசு எப்படி ஓடும் என்பது வேதாகமத்துக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதற்கு உபாகமம் 15-ஐப் பாருங்கள். ஏழாம் வருஷத்தில் கடன்களை விட்டுவிட வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. சரி, அப்படியென்றால் ஆறாம் வருஷத்தில் ஒரு ஏழை வந்து கடன் கேட்டால்? விடுதலை வருஷம் கிட்டத்தில் வருகிறது, கொடுத்தால் திரும்பாது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக் கையை மூடிக்கொள்வான். அந்த எண்ணத்தையே பெயர் சொல்லிக் காட்டி, அது பாவம் என்று 9-ஆம் வசனம் சொல்கிறது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரமோ இன்னும் அடிவரைக்கும் போகிறது. ஐம்பதாம் வருஷத்தில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும், ஏனென்றால் "தேசம் என்னுடையது", நீங்கள் என்னிடத்தில் தங்கியிருக்கிற பரதேசிகள் என்கிறார் கடவுள். பட்டா யார் பெயரில் இருந்தாலும் குடியிருப்பவர்கள்தான் நாம் எல்லோரும்.

இதெல்லாம் ஏட்டில் எழுதிவைத்த சட்டம், யார் கடைப்பிடித்தார்கள் என்று கேட்கலாம். கடைப்பிடிக்காதபோது என்ன நடந்தது என்பதற்கும் ஒரு அதிகாரம் இருக்கிறது, நெகேமியா 5. கட்டுரை இதைத் தொடவே இல்லை. வேதாகமத்தில் பணத்தைப் பற்றி ஒரே ஒரு அதிகாரம்தான் படிக்க முடியும் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன்.

கி.மு. 445 வாக்கில் எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்து மதில், இடிந்து கிடந்தது, பாரசீக ராஜா அனுப்பிய அதிபதியாக நெகேமியா வந்து ஜனங்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே எதிரிகள், உள்ளே ஒற்றுமையாக வேலை நடக்கிறது என்று நினைத்திருப்பார். அப்போது ஒரு கூக்குரல் எழுகிறது. ஆண்கள் மட்டும் இல்லை, அவர்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து எழுப்பிய கூக்குரல் என்று எழுதியிருக்கிறது. பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தோம் என்கிறார்கள் சிலர். ராஜாவுக்கு வரி கட்ட நிலத்தின் மேல் கடன் வாங்கினோம் என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் பெண்பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டுப் போனார்கள், மீட்க எங்களுக்கு வழியில்லை, நிலம் வேறொருவர் கையில் இருக்கிறது என்கிறார்கள். இதைச் செய்தது வெளியே இருந்த எதிரி இல்லை, கூட நின்று கல் சுமந்த சொந்தச் சகோதரர்கள்.

நெகேமியா அந்த ஜனங்களிடம் போய் இனிமேல் சிக்கனமாக இருங்கள் என்று சொல்லவில்லை. மிகவும் கோபம் கொண்டார் என்று இருக்கிறது. மனசுக்குள் யோசித்து, பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை அசைத்த இடம். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூட அவர்களுக்குப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்கிறார். இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்கிறார். நிலம், திராட்சத்தோட்டம், ஒலிவத்தோப்பு, வீடு எல்லாவற்றையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், நூற்றுக்கொன்று என்று வாங்கின வட்டியையும் கொடுங்கள் என்கிறார். அடுத்த வாரம் இல்லை, இன்றைக்கே. அவர்கள் ஒப்புக்கொண்டதும் சரி என்று விட்டுவிடாமல் ஆசாரியர்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்குகிறார், அப்புறம் தன் வஸ்திரத்தை உதறிக் காட்டி, இந்த வார்த்தையை நிறைவேற்றாதவனைக் கடவுள் இப்படி உதறிப்போடட்டும் என்கிறார். கூட்டம் ஆமென் என்கிறது. தான் அதிபதியாக இருந்த 12 வருஷமும் அதிபதிக்கு உரிய படியை அவர் வாங்கவில்லை, ஜனங்கள் மேல் பாரம் அதிகமாக இருந்தது என்பதுதான் காரணம். அலங்கம் 52 நாளில் முடிந்தது என்று அடுத்த அதிகாரம் சொல்கிறது. பிரசங்கங்களில் அந்த 52 நாளைக் கேட்டிருக்கிறேன், உதறிய வஸ்திரத்தை அவ்வளவாகக் கேட்டதில்லை.

அடுத்தது கூலி. இங்கே நான் அடுத்தவரைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. நானே ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறேன், நாலு பேர் வேலை செய்கிறார்கள். சில வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பொருள் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று பணத்தை மேஜை டிராயரில் ஒதுக்கி வைத்துவிட்டு, சம்பளம் திங்கட்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் வாசலில் நின்றார். கேட்கவில்லை. கையில் இருந்த எண்ணெய்த் துணியால் ஏற்கெனவே துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார், நான் கணக்கு எழுதுவது போலக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரி நீதிமொழிகள் 3:28 தானாக நினைவுக்கு வந்தது. உன்னிடத்தில் பொருள் இருக்கையில் "நீ போய்த் திரும்பவா, நாளைக்குத் தருவேன்" என்று உன் அயலானிடம் சொல்லாதே. என்னிடத்தில் பொருள் இருந்தது. டிராயரில் இருந்தது.

கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்பது லேவியராகமம் 19:13. வேலை செய்த அந்த நாளிலேயே, பொழுது போகும் முன்னே கொடுத்துவிடு, அவன் ஏழை, அதையே நம்பி இருக்கிறான் என்பது உபாகமம் 24:15. அந்தத் திராட்சத்தோட்டக் கதையில் ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் முழு நாள் கூலி கொடுத்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். சாயங்காலம் ஆனதும் ஆட்களைக் கூப்பிட்டுக் கூலி கொடு என்று எஜமான் காரியக்காரனிடம் சொல்கிற வரி எனக்கு இப்போதுதான் கண்ணில் படுகிறது. பொழுது போகும் முன் கொடுக்கிற எஜமான் அவர். யாக்கோபின் நிருபம் இன்னும் கடுமை, அறுவடை செய்த ஆட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கடவுளின் காதுக்குப் போய்விட்டது என்கிறது. அந்தத் திங்கட்கிழமைக்கு அப்புறம் எங்கள் பட்டறையில் சனிக்கிழமை விளக்கு போடும் முன் சம்பளம் போய்விடும். பொருள் மலிவாகக் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி.

தசமபாகத்தைப் பற்றி, அதாவது அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பற்றி, ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கட்டுரையின் கடைசிப் பத்தி முழுக்க அதுதான். மல்கியா 3:10, தசமபாகங்களைக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறப்பேன். நல்லது. ஐந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள், மல்கியா 3:5. யாருக்கு விரோதமாகத் தீவிரமான சாட்சியாக இருப்பேன் என்று கடவுள் ஒரு பட்டியல் சொல்கிறார், அதில் சூனியக்காரரோடும் பொய்யாணை இடுகிறவரோடும் சேர்த்துக் கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 3:10-ஐ எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிற இடங்களைப் பார்த்திருக்கிறேன், 3:5-ஐ எங்கும் பார்த்ததில்லை. அந்தத் தசமபாகம் யாருக்குப் போனது என்பதையும் சொல்ல வேண்டாமா? மூன்றாம் வருஷத்தின் தசமபாகத்தை உன் வாசல்களில் வை, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடையட்டும் என்கிறது உபாகமம் 14. விதவை கொடுக்கிற இடத்தில் இல்லை, வாங்குகிற இடத்தில் இருக்கிறாள்.

இதனால்தான் இரண்டு காசு போட்ட விதவையை உதாரணமாகக் காட்டி ஏழைகளிடம் காணிக்கை கேட்கும்போது எனக்கு மனம் தாங்குவதில்லை. மாற்கு 12-இல் அந்தச் சம்பவத்துக்கு நேர் முன்னே என்ன இருக்கிறது? விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைக் குறித்து எச்சரிக்கையாக இருங்கள் என்று இயேசு சொல்கிறார். சொல்லி முடித்து, காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்க்கிறார், ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு இருந்த எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போகிறாள். அவளுடைய மனசை அவர் பாராட்டினார், அதில் சந்தேகமில்லை. அவளிடம் வேறொன்றும் மிஞ்சவிடாத அந்த ஏற்பாட்டையும் பாராட்டினார் என்று என்னால் படிக்க முடியவில்லை. பவுல் கொரிந்தியரிடம் பணம் திரட்டும்போது, விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே என்று எத்தனை எச்சரிக்கை சொல்கிறார்! அந்தப் பணத்தைத் தான் தனியாகத் தூக்கிக்கொண்டு போகாமல், யாரும் குறை சொல்லாதபடி மற்றவர்களையும் கூட அனுப்பிவைக்கிறார்.

சேமிப்புக்கு யோசேப்பைக் காட்டியிருந்தார் கட்டுரையாளர். ஏழு விளைச்சல் வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்து ஏழு பஞ்ச வருஷத்தைத் தாண்டினார், உண்மை. ஆனால் ஆதியாகமம் 41-இல் நிறுத்திவிட்டால் கதை பாதிதான். 47-ஆம் அதிகாரத்தில் அந்தத் தானியம் ஜனங்களுக்கு எப்படிப் போனது என்று இருக்கிறது. முதலில் அவர்கள் பணம் முழுக்கத் தீர்ந்தது, அப்புறம் ஆடுமாடு போனது, அப்புறம் நிலம் போனது, கடைசியில் நாங்களே பார்வோனுக்கு அடிமைகள் என்றார்கள். உயிரைக் காப்பாற்றினீர் என்று நன்றியும் சொன்னார்கள். எனக்கு அந்த அதிகாரம் எப்போதும் சங்கடம். நிலம் திரும்பட்டும், அடிமை விடுதலையாகட்டும், வட்டி வேண்டாம் என்று பின்னால் வந்த சட்டங்களைப் படிக்கும்போது, எகிப்தில் பட்டதை மறக்காதவர்களின் சட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சொத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்ற அந்த ஐசுவரியவானின் பேச்சை லூக்கா 12-இல் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், என் தானியம், என் களஞ்சியம், என் பொருள், ஆத்துமாவே உனக்காக. அவன் நிலம் நன்றாய் விளைந்தது என்று கதை தொடங்குகிறது, அறுத்துக் கொடுத்த ஒரு ஆள் கூட அவன் பேச்சில் வருவதில்லை. பணம் தீமைக்கு வேர் என்று கட்டுரையில் அச்சாகியிருந்தது, அது தவறு, "பண ஆசை" என்றுதான் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் இருக்கிறது, அந்த ஆசை பணம் இருப்பவனுக்கும் வரலாம், இல்லாதவனுக்கும் வரலாம். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்ற வசனத்தைத் தொழில் வெற்றிக்குப் போட்டிருந்தார், பவுல் அதைப் பட்டினியாகவும் இருக்கத் தெரியும், நிறைவாகவும் இருக்கத் தெரியும் என்று சொல்லிவிட்டு எழுதினார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. எனக்குப் பிடித்த ஜெபம் ஆகூர் என்பவருடையது. "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக", என் படியை எனக்கு அளந்து கொடும். ஐசுவரியம் வேண்டாம் என்று கேட்கிற ஜெபம் வேதாகமத்தில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. வயிறு நிரம்பினால் கடவுள் யார் என்று கேட்டுவிடுவேனோ, இல்லாமல் போனால் திருடிவிடுவேனோ என்று இரண்டுக்கும் சமமாகப் பயப்படுகிற மனிதர். அம்மா இந்த ஜெபத்தைத்தான் ராத்திரியில் சொல்வார், மெஷின் இல்லாத மாதங்களிலும், வந்த பிறகும்.

அந்தக் கட்டுரையின் கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தீர்கள். அடுத்த பகுதியை எழுதுமுன் இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுங்கள். உபாகமம் 24, நெகேமியா 5, மல்கியா 3:5, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு, கடன் கொடுப்பவரும் சம்பளம் கொடுப்பவரும் படிக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். உங்கள் பத்திரிகையை அவர்களும் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
பட்டறை நடத்தும் ஒரு வாசகர்